இந்த மாதத் தலைப்பு 'நிழலுரு': கடலுக்கு அடியில் நடக்கும் கேமரா போட்டிகள் எப்படி இயங்குகின்றன?

இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில், டோர்செட் பகுதியில், ஸ்வானேஜ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே பழைய பாலம் ஒன்று கடலுக்குள் நீண்டு நிற்கிறது. படகு கட்டுவதற்கும் காற்று வாங்குவதற்கும் போடப்பட்ட பாலம். அதற்கு அடியில் ஆழம் சில மீட்டர்தான். நம்மூர்க் கிணறுகூட அதைவிட ஆழமாக இருக்கும்.

தண்ணீர் பச்சையாக, குளிராக இருக்கும். பவளப்பாறை கிடையாது, திமிங்கிலச் சுறா கிடையாது. ஆனாலும் கையில் கேமராவோடு டைவர்கள் அங்கே திரும்பத் திரும்ப இறங்குகிறார்கள்.

காரணம், தூண்களின் இடுக்கில் குடியிருக்கும் டாம்பாட் பிளென்னி என்ற மீன். உள்ளங்கை நீளம். இரண்டு கண்களுக்கு மேலும் மான் கொம்பு போலக் கிளைவிட்ட சதை நீட்சிகள். தடித்த உதடு. வீட்டு வாசலில் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்க்கும் தாத்தா மாதிரி பொந்திலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும்.

ஒரு போட்டியில் 'கண்கள்' என்று தலைப்பு கொடுத்தால், போட்டியாளர் இந்த மீனின் வாசலில் போய் நிற்பார். அடுத்த மாதம் 'நிழலுரு' என்று தலைப்பு வந்தால்? அதே ஆள், அதே பாலம். ஆனால் இந்த முறை மீனைக் கடந்து போய், தலையைத் தூக்கி, தூண்களுக்கு நடுவே இறங்கும் வெளிச்சத்தைப் பார்ப்பார். இடம் மாறவில்லை. பார்க்கும் விதம் மாறிவிட்டது.

பிரிட்டன், அமெரிக்காவின் கலிஃபோர்னியா, ஆஸ்திரேலியா எனக் கடலோரம் உள்ள பல இடங்களில் நீரடிப் புகைப்படச் சங்கங்கள் பல ஆண்டுகளாக இந்த விளையாட்டை நடத்திவருகின்றன. மாதம் ஒரு தலைப்பு, ஆளுக்குச் சில படங்கள், ஒரு நடுவர், கொஞ்சம் கைதட்டல். அவ்வளவுதான். கேட்க ஜாலியாக இருக்கிறது. ஆனால் பயந்துபோய் பலூன் போல ஊதிய ஒரு மீனின் படத்துக்குப் பரிசு கொடுக்கலாமா என்ற கேள்வி வரும்போது விஷயம் சீரியஸாகிவிடுகிறது.

இந்தப் போட்டிகள் எப்படி நடக்கின்றன? தலைப்பு எதற்கு? அது எப்போது ஆபத்தாகிறது?

தண்ணீருக்குள் கேமரா போன கதை

கடலுக்கு அடியில் புகைப்படம் எடுப்பது செல்ஃபி காலத்து ஆசை இல்லை. 1893லேயே பிரான்ஸின் பன்யூல்ஸ் கடற்கரையில் லூயி பூட்டான் என்ற உயிரியலாளர், தண்ணீர் புகாத பெட்டிக்குள் கேமராவை வைத்துக் கடலுக்குள் இறக்கினார். வெளிச்சம் போதாததால், ஒரு படம் பதிவாக அரை மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த அரை மணி நேரமும் ஆடாமல் அசையாமல் நிற்க எந்த மீனும் சம்மதிக்காது என்பது வேறு கதை.

வண்ணப் படம் வர 1926 வரை ஆனது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அருகே, டிரை டோர்டூகாஸ் தீவுகளை ஒட்டிய கடலில் வில்லியம் லாங்லி என்ற விஞ்ஞானியும் சார்லஸ் மார்ட்டின் என்ற புகைப்படக்காரரும் ஒரு மீனை வண்ணத்தில் பிடித்தார்கள். தண்ணீரின் மேல் ஒரு மிதவை, அதில் மெக்னீசியப் பொடி. அது பற்றி எரியும் நொடியில் வரும் வெளிச்சத்தில், கீழே கிளிக்! அடுத்த ஆண்டு ஜனவரியில் அந்தப் படங்கள் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் வெளிவந்தன.

சாதாரண மனிதர்கள் இதற்குள் வந்தது இரண்டு கண்டுபிடிப்புகளால். ஒன்று, 1943ல் ஜாக் கூஸ்டோவும் எமில் கான்யானும் உருவாக்கிய 'அக்வாலங்' சுவாசக் கருவி. இன்னொன்று, 1963ல் நிக்கான் நிறுவனம் கொண்டுவந்த 'நிக்கோனோஸ்'. அந்த கேமராவுக்குத் தனிப் பெட்டி தேவையில்லை, அப்படியே தண்ணீருக்குள் கொண்டு போகலாம்.

கருவி வந்ததும் ஆட்கள் சேர்ந்தார்கள். 1967ல் காலின் டோயக், பீட்டர் ஸ்கூன்ஸ் என்ற இருவர் தொடங்கியதுதான் பிரிட்டிஷ் நீரடிப் புகைப்படக்காரர்கள் சங்கம். 'பிசூப்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஸ்கூன்ஸ் பின்னாளில் பிபிசியின் 'தி புளூ பிளானட்' தொடருக்குக் கடலடிக் காட்சிகள் எடுத்தவர். அதாவது, உலகமே வாயைப் பிளந்து பார்த்த காட்சிகளுக்குப் பின்னால் இருந்த ஒருவர், இப்படி ஒரு பொழுதுபோக்குச் சங்கத்தைத் தொடங்கியவரும்கூட.

அந்தக் காலத்தில் ஒரு ஃபிலிம் ரோலில் 36 படங்கள். தண்ணீருக்குள் ரோல் மாற்ற முடியாது. 36 முடிந்தால் கதை முடிந்தது. கரைக்கு வந்து, ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால்தான் எது தேறியது என்று தெரியும். எனவே ஒருவர் செய்த தப்பை இன்னொருவர் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒரு இடம் தேவைப்பட்டது. மாதக் கூட்டமும் போட்டியும் அந்த இடமாக அமைந்தன.

மாதப் போட்டி எப்படி நடக்கும்?

சங்கத்துக்குச் சங்கம் விதி மாறும். ஆனால் பொதுவான அமைப்பு இதுதான்.

ஆண்டின் தொடக்கத்தில் தலைப்புப் பட்டியல் வந்துவிடும். ஒவ்வொருவரும் அந்த மாதத் தலைப்புக்கு ஒன்று முதல் மூன்று படங்கள் வரை அனுப்பலாம். எடுத்தவர் பெயர் மறைக்கப்பட்டு, படங்கள் திரையில் வரும். வெளியிலிருந்து வந்த நடுவர் ஒவ்வொன்றையும் எல்லோர் முன்னிலையிலும் அலசுவார். சில இடங்களில் நடுவருக்குப் பதில் உறுப்பினர்களே வாக்களிப்பார்கள்.

புதியவர்களுக்கு ஒரு பிரிவு, அனுபவசாலிகளுக்கு ஒரு பிரிவு என்று பிரித்து வைப்பது வழக்கம். நேற்று கேமரா வாங்கியவரை 20 வருட ஆளோடு மோதவிட்டால் அவர் அடுத்த மாதம் வர மாட்டார், இல்லையா? 12 மாதப் புள்ளிகளைக் கூட்டி ஆண்டு இறுதியில் ஒரு கோப்பை. பணப் பரிசு பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் டைவிங் கடைக் கூப்பன் அளவுதான்.

முக்கியமான விதி ஒன்று உண்டு. படம் எப்போது எடுக்கப்பட்டிருக்க வேண்டும்? சில சங்கங்கள் பழைய படங்களையும் ஏற்கும். சில சங்கங்கள் அண்மையில் எடுத்தவற்றை மட்டும்தான் ஏற்கும். இரண்டாவது வகையில்தான் போட்டி ஆளைத் தண்ணீருக்குள் இறக்குகிறது. முதல் வகையில் ஹார்ட் டிஸ்க்கைத் தோண்டினால் போதும்.

இதன் உச்சகட்ட வடிவம், பிரிட்டனில் நடக்கும் 'ஸ்பிளாஷ்-இன்' போட்டிகள். எல்லோரும் ஒரே நாளில் டைவ் அடிக்க வேண்டும். அன்று எடுத்த படங்களுக்குத்தான் அனுமதி. வானம் மூடியிருந்தாலும் தண்ணீர் கலங்கியிருந்தாலும் எல்லோருக்கும் அதே கதிதான்.

தலைப்பு எதற்கு? சும்மா நல்ல படம் போதாதா?

போதாது. ஏன் என்று புரிய, தண்ணீர் கேமராவுக்கு என்ன செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

தண்ணீர் நிறங்களைத் தின்கிறது. முதலில் சிவப்பு. சில மீட்டர் ஆழத்திலேயே அது மங்கத் தொடங்கி, பத்து மீட்டரை நெருங்கும்போது பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். பிறகு ஆரஞ்சு, மஞ்சள். கடைசியில் மிஞ்சுவது நீலமும் பச்சையும். அந்தமானில் டைவ் போய்வந்தவர்கள் எடுத்த வீடியோ எல்லாம் நீலமாகவே இருப்பதற்கு இதுதான் காரணம். நிறத்தைத் திரும்பக் கொண்டுவர, 'ஸ்ட்ரோப்' எனப்படும் ஃபிளாஷ் விளக்கைக் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

ஃபிளாஷ் போட்டால் இன்னொரு தலைவலி. தண்ணீரில் மிதக்கும் துகள்கள் எல்லாம் வெளிச்சத்தில் பளிச்சிட்டு, படம் முழுக்கப் பனி பெய்தது போல வெள்ளைப் புள்ளிகள் விழும். அதைத் தவிர்க்க, விளக்குகளை லென்ஸிலிருந்து தள்ளி, பக்கவாட்டில் நீட்டிய கைகளில் பொருத்துகிறார்கள். கூடவே, படம் எடுக்கும் பொருளை நெருங்கிப் போக வேண்டும். ஒரு மீட்டருக்குள் என்றால் நல்லது. நடுவில் தண்ணீர் குறையக் குறைய, படம் தெளிவாகும்.

போதாக்குறைக்கு, முகக்கண்ணாடி வழியே பார்த்தால் எல்லாம் உண்மையான தூரத்தில் முக்கால் பங்கு தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். மூச்சுக்கு மூச்சு உடல் மேலும் கீழும் போகும். சிலிண்டரில் காற்று குறைந்துகொண்டே இருக்கும். ஒரு டைவ் என்பது ஏறக்குறைய 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். இத்தனைக்கும் நடுவில், "ஏதாவது நல்ல படம் எடுப்போம்" என்று இறங்கும் ஆள், கண்ணில் படுவதை எல்லாம் சுட்டுத் தள்ளிவிட்டு, ஒன்றும் தேறாமல் மேலே வருவார்.

தலைப்பு இங்கேதான் உதவுகிறது. தண்ணீருக்குள் எடுக்க வேண்டிய முடிவுகளில் பாதியை அது கரையிலேயே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. எந்த லென்ஸ், எந்த வெளிச்சம், எந்த இடம் என்று யோசித்துவிட்டுத்தான் இறங்குவார்கள். நன்றாக அமைந்த ஒவ்வொரு தலைப்பும் ஒரு பாடம்.

நிழலுரு: ஃபிளாஷை அணைத்துவிட்டு, மேல்நோக்கிப் படம் எடுக்கும் பாடம். கீழிருந்து பார்த்தால் வெளி உலகம் முழுவதும் சுமார் 97 டிகிரி அகலமுள்ள ஒரு ஒளிவட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். அந்த வட்டத்துக்குள் ஒரு டைவரோ ஆமையோ வந்தால் படம் அமைந்தது.

கறுப்பு வெள்ளை: நிறத்தை மறந்து, வடிவத்தையும் ஒளி நிழலையும் பார்க்கக் கற்றுத்தரும். பச்சையாகக் கலங்கிய தண்ணீரில் டைவ் அடிப்பவர்களுக்கு வரப்பிரசாதம்.

கண்கள்: மீனின் மட்டத்துக்கு இறங்கி, குறியைக் கண்ணில் நிறுத்த வேண்டும். மேலிருந்து எடுத்த மீன், சந்தையில் தட்டில் கிடக்கும் மீன் போலத்தான் இருக்கும்.

கறுப்புப் பின்னணி: ஷட்டர் வேகம், துளை அளவு, விளக்கின் கோணம் மூன்றையும் கையாளும் பயிற்சி. கசகசவென்று இருக்கும் கடலடியிலிருந்து ஒரே ஒரு உயிரைத் தனியாகப் பிரித்துக் காட்டும்.

அசைவு: மெதுவான ஷட்டரில், மீனோடு சேர்ந்து கேமராவையும் நகர்த்த வேண்டும். நூறு படத்தில் ஒன்று தேறினால் பெரிய விஷயம்.

பாதி நீர், பாதி வானம்: ஒரே படத்தில் மேலும் கீழும். பெரிய குவிமாடக் கண்ணாடியும் அமைதியான கடலும் வேண்டும்.

சேர்ந்து வாழ்தல்: கடல் சாமந்திக்குள் குடியிருக்கும் கோமாளி மீன், பெரிய மீனின் வாயைச் சுத்தம் செய்யும் இறால் போன்ற உறவுகள். உயிரியல் படிக்காமல் இந்தத் தலைப்பில் ஜெயிப்பது கஷ்டம்.

குளிர்காலத்துக்கு 'நீச்சல் குளம்' என்று தலைப்பு வைப்பதும் உண்டு. கடல் கொந்தளிக்கும் மாதத்தில் யாரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம், உள்ளூர்க் குளத்திலேயே நண்பரை மாடலாக வைத்து எடுங்கள் என்பதுதான் அதன் பொருள்.

காசு இருப்பவர்தான் ஜெயிப்பாரா?

நியாயமான சந்தேகம். நல்ல கேமரா, அதற்கான நீர்புகாப் பெட்டி, இரண்டு ஸ்ட்ரோப், லென்ஸ்கள் என்று சேர்த்தால் பைக் விலையைத் தாண்டும், சில சமயம் கார் விலையைத் தொடும். அதற்கு மேல் பயணச் செலவு. ஒருவர் இந்தோனேசியாவுக்கும் கலாபகஸ் தீவுகளுக்கும் பறக்கிறார், இன்னொருவர் ஊர்ப் பாலத்துக்கு அடியில் இறங்குகிறார். 'சிறந்த படம்' என்று மட்டும் போட்டி வைத்தால், பாதி நேரம் விமான டிக்கெட்தான் ஜெயிக்கும்.

தலைப்பு இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கிறது. 'நிழலுரு' எடுக்க அரிய விலங்கு வேண்டாம். 'கறுப்பு வெள்ளை'க்குத் தெளிந்த நீர் வேண்டாம். சின்ன கேமராக்களுக்குத் தனிப் பிரிவு, உள்ளூர் நீர்நிலைகளுக்குத் தனிப் பிரிவு என்று வைப்பதும் இதே நோக்கத்தில்தான்.

பெரிய மேடையிலும் இதற்கு உதாரணம் உண்டு. பிரிட்டனிலிருந்து நடத்தப்படும் 'ஆண்டின் சிறந்த நீரடிப் புகைப்படக்காரர்' போட்டி 1965ல் தொடங்கிய பாரம்பரியம் கொண்டது. அதில் 2017ல் முதல் பரிசு பெற்றது, மயோட் தீவின் காயலில் கேப்ரியேல் பராத்தியூ எடுத்த ஆக்டோபஸ் படம். அது எடுக்கப்பட்ட இடத்தில் தண்ணீரின் ஆழம் எவ்வளவு தெரியுமா? சுமார் 30 சென்டிமீட்டர்! முழங்கால் நனையாத தண்ணீர். நீர் வற்றும் நேரம் பார்த்து, லென்ஸுக்கு மிக அருகே ஆக்டோபஸ் வரும் நொடிக்குக் காத்திருந்து எடுத்த படம் அது.

ஆக்டோபஸ் பல கடல்களில் இருக்கிறது. அவர் அதைப் பார்த்த விதம்தான் பரிசை வாங்கிக் கொடுத்தது.

தலைப்பே வில்லனாகும்போது

இதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போகிறது. இப்போது 'விலங்கின் நடத்தை' என்று ஒரு தலைப்பு வைத்துப் பாருங்கள்.

மாதக் கடைசி. போட்டிக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. கையில் ஒரு படமும் இல்லை. டைவர் இறங்குகிறார். எதிரே ஒரு பேத்தை மீன். சும்மா நீந்திக்கொண்டிருக்கும் பேத்தைக்கு யார் மார்க் போடுவார்கள்? பலூன் போல ஊதினால்தானே படம்! கையால் மறித்து, துரத்தி, மூலையில் மடக்கினால் அது ஊதும். கிளிக். பத்து நொடி வேலை.

அந்தப் பத்து நொடிக்கு மீன் கொடுக்கும் விலையை ஆஸ்திரேலியாவில் விஞ்ஞானிகள் அளந்திருக்கிறார்கள். 2014ல் 'பயாலஜி லெட்டர்ஸ்' இதழில் வெளியான ஆய்வு அது. ஊதும்போது பேத்தை மூச்சை அடக்கிக்கொள்ளும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். உண்மையில் அது மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் ஆக்சிஜன் தேவை ஓய்வு நிலையைவிட 5 மடங்கு வரை ஏறியது. பழைய நிலைக்குத் திரும்ப 5 மணி நேரத்துக்கு மேல் ஆனது.

ஒரு கிளிக்குக்கு 5 மணி நேரம். படம் எடுத்தவர் அதற்குள் கரையேறி, குளித்து, சாப்பிட்டு, படத்தை எடிட் செய்தே முடித்திருப்பார்.

ஊதிய மீன் மட்டுமல்ல. மை கக்கும் ஆக்டோபஸ், இழுத்து வைத்து 'போஸ்' கொடுக்க வைக்கப்பட்ட கடற்குதிரை, நல்ல பின்னணிக்காக ஒரு பாறையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தப்பட்ட ஓடில்லாக் கடல் நத்தை என்று பட்டியல் நீளும். திரையில் பார்க்கும்போது எல்லாமே அழகாக இருக்கும். அங்கேதான் சிக்கல்.

ஃபிளாஷ் வெளிச்சம்தான் மீன்களைக் கெடுக்கிறது என்ற பேச்சும் நீண்ட காலமாக உண்டு. ஆஸ்திரேலியாவின் கர்டின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டன் டி பிரௌவர் குழு இதைச் சோதித்து, 2019ல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் எழுதியது. கடற்குதிரை உள்ளிட்ட, மெதுவாக நகரும் சிறு மீன்களை வைத்து நடந்த ஆய்வு. பக்கத்தில் ஒரு டைவர் இருப்பதால் ஏற்படும் பாதிப்பைவிட ஃபிளாஷால் பெரிய பாதிப்பு தெரியவில்லை. ஆனால் அந்த உயிர்களைத் தொட்டு, நகர்த்தியபோது அவை மிகக் கடுமையாக எதிர்வினை காட்டின. கவலைப்பட வேண்டியது முதலில் ஃபோட்டோ எடுப்பவரின் கையைப் பற்றித்தான்.

கால்களும் சளைத்தவை அல்ல. கண்ணை வ்யூஃபைண்டரில் வைத்திருக்கும் ஆளுக்குத் தன் துடுப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. கிரேட் பேரியர் ரீஃபில் நடந்த, 2001ல் வெளியான ஓர் ஆய்வில், கேமரா இல்லாத டைவர்களைவிட நீரடிப் புகைப்படத்தில் ஆழ்ந்த டைவர்கள் அதிகமாகப் பவளத்தை உடைத்தது தெரிந்தது.

சட்டமும் உள்ளே வந்திருக்கிறது. இங்கிலாந்தின் கடற்கரையில் வாழும் இரண்டு கடற்குதிரை இனங்களுக்கு 2008 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ஸ்வானேஜ் பக்கத்திலேயே, ஸ்டட்லேண்ட் விரிகுடாவின் கடற்புல் படுகைகளில் அவை வாழ்கின்றன. அவற்றை வேண்டுமென்றே தொந்தரவு செய்வது அங்கே குற்றம். இந்தியாவிலும் 2001ல் கடற்குதிரைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு இருக்கும் அதே அட்டவணை.

நடுவர் என்ன செய்யலாம்?

பிசூப் போன்ற சங்கங்கள் இதை உணர்ந்து நீரடிப் புகைப்படக்காரர்களுக்கென நடத்தை விதிகளை வகுத்திருக்கின்றன. அவற்றின் சாரம் சுலபம்தான். முதலில் நன்றாக டைவ் அடிக்கக் கற்றுக்கொள், பிறகு கேமராவைத் தொடு. எதையும் பிடிக்காதே, நகர்த்தாதே, துரத்தாதே. விலங்கைத் துன்புறுத்தி எடுத்த படம் நீக்கப்படும் என்று பெரிய போட்டிகளின் விதிகளும் சொல்கின்றன.

ஆனால் விதி காகிதத்தில் இருக்கிறது, சம்பவம் தண்ணீருக்கு அடியில் நடக்கிறது. சாட்சி யார்?

படமேதான் சாட்சி. அனுபவமுள்ள நடுவர்கள் சில அடையாளங்களைப் பார்ப்பார்கள். அந்த உயிர் வழக்கமாக இல்லாத இடத்தில் இருக்கிறதா? கடலடி மணல் கலைந்து பறக்கிறதா? மீன் ஊதியிருக்கிறதா, மை கக்கியிருக்கிறதா, தப்பிக்கப் பார்க்கிறதா? சந்தேகம் வந்தால், முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் காட்டச் சொல்லலாம். வரிசையாகப் பத்துப் படங்களைப் பார்த்தால் கதை தெரிந்துவிடும்.

எடிட்டிங் விஷயத்திலும் இதே வழிதான். மிதக்கும் துகள்களைக் கொஞ்சம் துடைப்பது, வெளிச்சத்தைச் சரிசெய்வது பரவாயில்லை என்று சொல்லும் போட்டிகளே அதிகம். இல்லாத மீனை ஒட்டவைப்பது கூடாது. இதைச் சரிபார்க்க, கேமராவிலிருந்து நேரடியாக வந்த 'ரா' ஃபைலைக் கேட்பார்கள். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்த விதி இன்னும் முக்கியமாகிவிட்டது. 2023ல் சோனி உலகப் புகைப்பட விருதுகளில் பரிசு பெற்ற ஜெர்மானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன், "இது ஏஐ உருவாக்கிய படம்" என்று தானே சொல்லிப் பரிசை மறுத்தார். பெரிய விருதின் நடுவர்களையே ஏமாற்ற முடியுமென்றால், சங்கத்தின் மாதப் போட்டி எம்மாத்திரம்?

நடுவருக்கும் முன்னால், தலைப்பை முடிவு செய்பவர் கையிலேயே பாதிப் பொறுப்பு இருக்கிறது. 'கடற்குதிரை' என்று தலைப்பு வைத்தால் என்ன ஆகும்? ஊரில் உள்ள அத்தனை டைவர்களும் அந்த மாதம் ஒரே கடற்புல் படுகையில் போய் நிற்பார்கள். ஒரு கடற்குதிரைக்கு ஒரு நாளில் பத்து கேமரா. அதற்குப் பதில் 'வளைவு' என்று தலைப்பு வைத்தால், ஒருவர் சங்கைப் பார்ப்பார், ஒருவர் கெல்ப் பாசியைப் பார்ப்பார், ஒருவர் மூழ்கிய படகின் விளிம்பைப் பார்ப்பார். நெரிசல் தானாகவே கலைந்துவிடும்.

அதேபோல 'நடத்தை' என்ற தலைப்பை ஒரே மாதத்துக்கு வைக்காமல், ஆறு மாத அவகாசத்தோடு அறிவிக்கலாம். தானாக நடக்கும் ஒன்றைப் பார்க்கக் காத்திருப்பவருக்கு நேரம் வேண்டும். அவசரம்தான் கையை நீட்ட வைக்கிறது.

ஒரு தலைப்பு, எந்த விலங்கைத் தேடுவது என்று சொல்கிறதா, எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறதா? நல்ல தலைப்பையும் மோசமான தலைப்பையும் பிரிக்கும் கேள்வி இதுதான்.

தோற்ற படங்களுக்கும் வேலை உண்டு

மாதப் போட்டியில் பரிசு பெறுவது ஒன்றிரண்டு படங்கள். மீதிப் படங்கள் குப்பைக்குத்தானா? இல்லை. ஒரே இடத்தில், ஆண்டுக்கணக்கில், தேதியோடு எடுக்கப்பட்ட படங்கள் அந்தக் கடலின் டைரி மாதிரி. எந்த மீன் எப்போது வந்தது, எந்தப் பாறை எப்போது வெறிச்சோடியது என்பதற்கு ஆதாரம்.

திமிங்கிலச் சுறாவின் உடலில் உள்ள வெள்ளைப் புள்ளிகள் நம் கைரேகை போல ஒவ்வொன்றுக்கும் தனி. வானத்து நட்சத்திரக் கூட்டங்களை ஒப்பிடுவதற்காக எழுதப்பட்ட கணக்கு முறையை எடுத்து, இந்தப் புள்ளிகளை ஒப்பிடப் பயன்படுத்தலாம் என்று 2005ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்குப் பிறகு, சாதாரணச் சுற்றுலா டைவர் எடுத்த படத்தை வைத்தே, "இந்தச் சுறாவை முன்பே இன்ன இடத்தில் பார்த்திருக்கிறோம்" என்று சொல்ல முடிகிறது. பரிசு கிடைக்காத படம், ஒரு சுறாவின் பயணத்தைச் சொல்லிவிடும்.

ஆசை வந்துவிட்டதா?

அந்தமானிலோ புதுச்சேரியிலோ டைவிங் கற்கும் எண்ணம் இருந்தால், முதல் சில டைவ்களுக்கு கேமராவைக் கரையிலேயே விட்டுவிடுவது நல்லது. கையை அசைக்காமல், எதையும் தொடாமல், ஓரிடத்தில் அப்படியே மிதந்து நிற்க வர வேண்டும். அது வந்த பிறகு கேமரா. அதுவரை தலைப்பு விளையாட்டைத் தரையிலேயே ஆடிப் பார்க்கலாம். கையில்தான் ஃபோன் இருக்கிறதே! நாலு நண்பர்கள், மாதம் ஒரு தலைப்பு, ஆளுக்கு மூன்று படம். 'நிழலுரு' என்று வைத்துவிட்டுப் பாருங்கள், தினமும் போகும் ரயில்வே ஸ்டேஷனே வேறு மாதிரி தெரியும்.

ஸ்வானேஜ் பாலத்துக்கு அடியில் அந்த பிளென்னி இப்போதும் பொந்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். 'கண்கள்' தலைப்பு வரும் மாதத்தில், அதன் வாசலில் அசையாமல் காத்திருப்பவருக்கு அது தானாகவே தலையை நீட்டும். குச்சியை விட்டுக் குடைபவருக்கும் ஒரு படம் கிடைக்கலாம். ஆனால் அந்தப் படத்தின் கண்ணில் தெரிவது பயம். நல்ல நடுவர் அதைப் பார்த்துவிடுவார்.